இரண்டு நொடி குறைந்தால் முன்னேற்றமா?

கேள்வி: சர்க்கரை நோயால் புண் ஆறாமல், 61 வயதான என் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது செயற்கைக் காலுடன் நடக்கிறார். பிசியோதெரபிஸ்ட் வாராவாரம் நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் சொல்லி ஸ்டாப்வாட்சில் நேரம் பார்க்கிறார். போன வாரம் 24 நொடி, இந்த வாரம் 22. "நல்ல முன்னேற்றம்" என்கிறார். அப்பாவோ வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. எதை நம்புவது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அப்பாவை நம்புங்கள். இரண்டு நொடிக்காகப் பாயசம் வைக்க வேண்டாம்.

எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனை அது. நல்ல சோதனைதான். ஆனால் கால் இழந்தவர்களிடம் 2011இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சுமார் 3.6 நொடியாவது மாறினால்தான் அதை உண்மையான மாற்றமாகக் கொள்ள முடியும். அதற்குக் குறைந்தது அன்றைய அசதியாகவோ உற்சாகமாகவோ இருக்கலாம். நாற்காலியும் கைத்தடியும் செருப்பும் ஒவ்வொரு முறையும் அதேதானா என்று கேளுங்கள். ஒரு வாரம் கைப்பிடி வைத்த நாற்காலி, மறுவாரம் ஸ்டூல் என்றால் அந்தக் கணக்கைக் கிழித்துப் போடலாம்.

இன்னொரு எண்ணும் உண்டு. முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர்களில், இந்தச் சோதனைக்கு 19 நொடியோ அதற்கு மேலோ ஆனவர்களிடையே பலமுறை விழுவது அதிகமாக இருந்தது என்று 2007இல் வந்த ஆய்வு காட்டியது. உங்கள் அப்பா 22இல் இருக்கிறார். அவர் வாசலில் நிற்பதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

மேலும், சோதனை நடப்பது சமதளத்தில். உங்கள் வாசலில் படி இருக்குமே! படி ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். இதைப் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று பழக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். தெருமுனைக் கடை வரை போக மூச்சும் தெம்பும் வேண்டுமல்லவா?

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது சாக்ஸ். எஞ்சிய கால் வற்ற வற்ற, அதைச் செருகும் செயற்கைக் காலின் கிண்ணமான சாக்கெட்டுக்குள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சாக்ஸ் ஏறும். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் சாக்கெட் தளர்ந்துவிட்டது என்று பொருள். கால் செய்து கொடுத்தவரிடம் காட்டுங்கள். செயற்கைக் காலைக் கழற்றிய பிறகு தோலில் உள்ள சிவப்பு பத்து, பதினைந்து நிமிடத்தில் மறையாவிட்டால் காலைத் திரும்பப் போடாமல் உடனே அவரிடம் போங்கள்.

சர்க்கரை நோயாளி என்பதால் இரவில் இடது பாதத்தையும் விரலிடுக்கு, குதிகால் வரை பாருங்கள். சின்னக் கீறல் என்றாலும் மறுநாளே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.