மறு: கடையில் பிரிண்ட் எடுத்தால் நொட்டேஷன் கட்டம் கட்டமா வருது

வணக்கங்க. வீட்டு வேர்டில் ஒழுங்கா தெரியுற ட்ரெபிள் கிளெஃப் (இசை நொட்டேஷன் வரியின் ஆரம்பத்தில் போடுற சுருள் குறி), கிருஷ்ணகிரி ஜெராக்ஸ் கடையில் வெறும் கட்டமா வருதுன்னு கேட்டிருந்தீங்க. ஃபைல் கெடலை. எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற பொதுத் தரமான யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், அதாவது அந்தந்த ஃபான்ட் தன் இஷ்டப்படி குறி வெச்சுக்கிற இடத்தில், இந்தக் குறிகள் இருக்கு. இசை ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டருக்கு அது என்னன்னே தெரியாது. கடைக்காரர்கிட்ட ஃபான்ட் போடச் சொல்லிக் கெஞ்சாதீங்க. வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிடுங்க, ஃபான்ட் அதுக்குள்ளேயே போயிடும். கிறிஸ்துமஸ் பாட்டை முப்பது காப்பி கட்டமாவே எடுத்துட்டுப் போய் கொயரில் வாங்கிக் கட்டிக்கிட்டவன் சொல்றேன்.

இன்னொண்ணு. நீங்க போட்டிருக்கிற பிராவுராங்கிற இசை ஃபான்ட், 2013-ல் ஸ்டைன்பெர்க் கம்பெனி இலவசமா விட்டது. வேர்டில் எழுத்துக்கு நடுவே குறி போடறதுக்குன்னே பிராவுரா டெக்ஸ்ட்னு தனியா இருக்கு, அதைப் போடுங்க. நொட்டேஷன் எழுதற மியூஸ்ஸ்கோர் சாஃப்ட்வேரில் பிராவுரா கூடவே வருது, அங்கே எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம்.