இருபத்தாறு வீடுகள்

மதிப்புக்குரிய அம்மா,

நான் ஒரு இயன்முறை மருத்துவர். எங்கள் ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சி மையம் ஒன்றுக்கு வாரம் இருமுறை போகிறேன். சென்ற ஆண்டு அங்கே 30 பேர் தையல் பயிற்சி முடித்தார்கள். இன்று தொழிலில் இருப்பவர்கள் 4 பேர். மற்ற பயனாளிகள் ஆர்வமில்லாமல் விட்டுவிட்டார்கள். தொழில்வழி மறுவாழ்வு, அதாவது இவர்களைத் தொழில் மூலம் சொந்தக் காலில் நிற்க வைப்பது, பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய், அரசு நிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார் என் பேராசிரியர். எனக்கு மனசு உறுத்துகிறது. ஆய்வறிக்கைகள் அலமாரியில்தான் கிடக்கின்றன. அந்தப் பணத்தை இவர்களுக்கே உதவித்தொகையாகக் கொடுத்துவிட்டால் என்ன? 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைச் சிலர் ஏற்பதில்லையே, அது பற்றியும் எழுதுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

சொல்லைப் பற்றிய விவாதத்தை விட்டுவிடுகிறேன். எதிரில் இருப்பவர் தன்னை எப்படி அழைக்கச் சொல்கிறாரோ அப்படி அழையுங்கள். உதவித்தொகை பற்றியும் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். அரசு மாதாமாதம் தரும் தொகையில் யாரும் பிழைக்க முடியாது, அதை உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் அதற்கு ஆராய்ச்சிப் பணத்தில் ஏன் கை வைக்க வேண்டும்? ஒரே வீட்டின் அரிசிப் பானையிலிருந்து எடுத்து உப்புப் பானையை நிரப்புகிற வேலை அது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்கள் கடிதத்தின் வேறொரு வரி. 'ஆர்வமில்லாமல் விட்டுவிட்டார்கள்.' இருபத்தாறு பேர், தம்பி. அவர்களில் எத்தனை பேரிடம் கேட்டீர்கள்? ஒருவரிடமும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். கேட்டிருந்தால் இருபத்தாறு பேருக்கும் ஒரே காரணம் வந்திருக்காது. ஒருத்திக்கு மிதி இயந்திரத்தை ஒரு காலால் ஓட்ட முடியாமல் போயிருக்கலாம். ஒருவருக்குப் பேருந்துப் படி எட்டாமல் இருந்திருக்கலாம். இன்னொருத்தி, வேலை பார்த்த இடத்தில் அவள் போகக்கூடிய கழிப்பறை இல்லாமல், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ஒரு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு நின்றிருக்கலாம். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு ஊகிக்கிறேன். நீங்கள் அந்த ஊரிலேயே இருக்கிறீர்கள்.

என் சித்தப்பாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுக் கண் போய்விட்டது. 1970களில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்து, நாற்காலிக்குப் பிரம்பு பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அரசு அலுவலகம், பள்ளிக்கூடம், வக்கீல் வீடு என்று எங்கே பார்த்தாலும் பிரம்பு நாற்காலிதான் அப்போது. சித்தப்பா பிரம்பை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, சட்டத்தின் ஓட்டைகளை விரலால் எண்ணிக்கொண்டே போவார். ஒரு ஓட்டை தப்பாது. அந்தக் காசில்தான் எனக்கு முதல் ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. மாதத்துக்குப் பத்து நாற்காலி ஐந்தாகி, பிறகு தீபாவளிக்கு ஒன்று என்றாகி, கடைசியில் அதுவும் நின்றது. ஆனால் அவர் படித்த நிலையத்தில் அதற்குப் பிறகும் பல வருஷம் பிரம்பு பின்னத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆண்டுதோறும் இத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்று கணக்கும் எழுதினார்கள். பழைய மாணவர் ஒருவரின் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை யாராவது வந்திருந்தால், வாசலில் காலியாக இருந்த வாளியே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். யாரும் வரவில்லை. சித்தப்பா குத்தூசியை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் வைக்கச் சொன்னார். சோம்பேறியாகிவிட்டார் என்று எங்கள் வீட்டிலேயே பேசினார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அதனால்தான் உங்கள் 'ஆர்வமில்லாமல்' எனக்கு இப்படி வலிக்கிறது.

வேலூரில் நடந்ததைச் சொல்கிறேன். 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனையில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். மருத்துவத்தைப் பொறுத்தவரை பெரிய வெற்றி. ஆனால் கை நிமிர்ந்து போனவர்களில் சிலர் திரும்பி வந்து, இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை, நோய் வந்தவன் என்று யாரும் வேலையும் தருவதில்லை என்றார்கள். அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று அவர் நினைக்கவில்லை. வயதான ஒரு மிஷனரி அம்மையார் கொடுத்த பணத்தில் வளாகத்திலேயே மண் குடிசைகள் கட்டி, தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார். நவஜீவ நிலையம் அப்படி வந்தது.

அந்தப் பட்டறைதான் பிறகு ஆராய்ச்சிக்கூடமாகிவிட்டது. வேலை செய்கிறவர்களின் கைகளைத் தினமும் பார்த்தார்கள். உளிப்பிடி எங்கே அழுத்துகிறது, எந்தப் பாத்திரம் சுட்டது என்று ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். விரல்கள் தேய்ந்து போவதற்கு நோய் நேரடிக் காரணமல்ல, வலி தெரியாததால் படும் காயங்களே காரணம் என்பது இப்படித்தான் உறுதிப்பட்டது. சிலருக்கு ராத்திரியில் விரல் குறைந்தது. உணர்ச்சியில்லாத விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது தெரிய வந்ததும் பூனை வளர்க்கச் சொன்னார்கள். தூங்குகிற இடம்வரை தொடர்ந்து போய்ப் பார்த்ததால் கிடைத்த பதில் அது.

இதில் அரசுப் பணம் எங்கே என்பீர்கள். அமெரிக்கா 1954-இல் சட்டம் போட்டு, தொழில்வழி மறுவாழ்வு ஆராய்ச்சிக்கு மானியம் கொடுக்க ஆரம்பித்தது. அதை நடத்தியவர் மேரி ஸ்விட்சர் என்ற அதிகாரி. அதே ஆண்டு அங்கே வந்த பி.எல். 480 என்ற உணவு உதவிச் சட்டத்தின்படி நாம் அமெரிக்கக் கோதுமை வாங்கி ரூபாயில் கொடுத்த பணம் இந்தியாவிலேயே தங்கியது. 1960களில் அந்த ரூபாயில் ஒரு பங்கு இங்கே மறுவாழ்வு ஆராய்ச்சிகளுக்கு, வேலூர்ப் பக்கத்துத் தொழுநோய் ஆராய்ச்சிகளுக்கும்தான், வந்தது. ரேஷன் வரிசையில் நம் பாட்டிமார் கொடுத்த காசு அது. புண் வராமல் காக்கும் மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பை, எம்.சி.ஆர். செருப்பு என்பார்களே அதை, நீங்கள் இன்றும் நோயாளிகளுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அதுவும் இந்த வேலூர் வேலையில் பிறந்ததுதான். எல்லா ஆராய்ச்சியும் அலமாரியில் தூங்குவதில்லை.

நம் சட்டத்திலும் குறையில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 28-ஆம் பிரிவு மறுவாழ்வுக்கான ஆராய்ச்சியை அரசின் கடமையாகவே வைத்திருக்கிறது. 19-ஆம் பிரிவு தொழிற்பயிற்சியிலும் சுயதொழிலிலும் என்ன முன்னேற்றம் என்று தகவல் திரட்டி வைக்கச் சொல்கிறது. முன்னேற்றம் என்றால் பயிற்சி முடித்தவரின் தலையை எண்ணுவதா? இரண்டு வருஷம் கழித்து அவர் கையில் ஊசி இருக்கிறதா என்று பார்ப்பதல்லவா? பயிற்சிக்கு ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயோடும் திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கென்று பத்துப் பைசா சேர்த்து ஒதுக்க வேண்டும். போகிறவர்களில் பாதிப் பேர் அதே பயிற்சி முடித்தவர்களாக, சம்பளம் வாங்குகிறவர்களாக இருக்க வேண்டும். பேருந்துப் படி எட்டாதவருக்குத்தான் அதன் உயரம் தெரியும்.

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பியுங்கள், நிதியும் கேளுங்கள், உறுத்தலே வேண்டாம். ஆனால் தலைப்பு எழுதுவதற்கு முன்னால் மையத்தின் பதிவேட்டில் அந்த இருபத்தாறு முகவரிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். வினாத்தாள் வேண்டாம். போய்த் திண்ணையில் உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், தையல் மெஷின் இப்போது வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்று கேளுங்கள். இன்னும் தைக்கிற அந்த நால்வரில் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள், அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். ஐந்தாறு வீடு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.