அந்நாளைய கார் செலவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சுதந்திரத்துக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் கார் வைத்திருக்க என்ன செலவானது என்று கேட்டு மும்பைத் தமிழர்கள் எழுதிய கடிதங்களில் சில:

எங்கள் தாத்தா 1955-இல் பிரீமியர் பத்மினி வாங்கினாராம். என்ன விலை கொடுத்திருப்பார்? (மாட்டுங்கா)

1955-இல் பத்மினி என்ற பெயரே கிடையாது. அது 1970களில் வந்தது. பிரீமியர் நிறுவனத்தின் குர்லா ஆலையிலிருந்து 1954 முதல் வெளிவந்த ஃபியட் 1100-ஐத்தான் அவர் வாங்கியிருக்க வேண்டும். முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடியெடுத்துப் பாருங்கள். வண்டி எதுவென்று தெரியாமல் விலை சொல்வதற்கில்லை.

பழைய ஒர்க்‌ஷாப் பில்லில் ‘12-7-0’ என்று இருக்கிறது. 12 ரூபாய் 70 காசுதானே? கேலனுக்கு 3.8 லிட்டர் வைத்து மைலேஜும் கணக்கிட்டேன், சரியா? (செம்பூர்)

இல்லை. 12 ரூபாய், 7 அணா, 0 பை (அணாவைவிடச் சிறிய நாணயம்). ரூபாய்க்கு 16 அணா என்பதால், இது ஏறக்குறைய 12 ரூபாய் 44 காசு. நூறு காசுக் கணக்கு 1957 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் தொடங்கியது. பில்லின் தேதியைப் பார்க்காமல் தொகையைப் படிக்காதீர்கள். கேலனை 3.8 லிட்டர் என்று வேறு கணக்கிட்டிருக்கிறீர்கள். அது அமெரிக்கக் கேலன். நம் பங்க்குகளில் ஊற்றியது நாலரை லிட்டர் கேலன். இந்த ஒரு பிழையால் உங்கள் மைலேஜ் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது.

டிராம்பேயில் சுத்திகரிப்பு ஆலை வந்த பிறகும் பெட்ரோல் விலை ஏன் சரியவில்லை? (செம்பூர், மற்றொருவர்)

முதல் ஆலை 1954-இல், அடுத்தது 1955-இல் வந்தது. ஆனால் கச்சா எண்ணெய் வெளிநாட்டிலிருந்து கப்பலில்தான் வந்தது. வரியும் எங்கும் போய்விடவில்லை.

1960களில் 12,000 ரூபாய்க்குக் கார் கிடைத்தது. நடுத்தர வர்க்கத்துக்கு அதுவே பொற்காலம் அல்லவா? (முலுண்ட்)

இந்தக் கேள்வி இல்லாத தபால் எனக்கு வந்ததில்லை. விலையைச் சொல்பவர் கூடவே சம்பளத்தையும் சொல்ல வேண்டும் என்று எத்தனை முறை எழுதுவது? லால் பகதூர் சாஸ்திரி, பிரதமராக இருக்கும்போதே, நீங்கள் சொல்லும் அதே 12,000 ரூபாய் ஃபியட்டை வாங்க, கையிருப்பு 7,000 போக மீதி 5,000 ரூபாயைப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாகப் பெற்றார்; அவர் மறைந்த பின் அதை அவருடைய மனைவி தம் ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார். பிரதமருக்கே அந்த நிலை. இரண்டாவது ஊதியக் குழுவுக்குப் பின் மத்திய அரசின் கீழ்நிலை எழுத்தருக்கு அடிப்படைச் சம்பளம் 110 ரூபாயில் தொடங்கியது, அகவிலைப்படி தனி. அந்த அடிப்படைச் சம்பளத்தை ஒன்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல் பைசா குறையாமல் சேர்த்தால் ஒரு ஃபியட். மாதம் 4,000 ரூபாய் பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு அது மூன்று மாதச் சம்பளம். இவர்களில் யார் உங்கள் நடுத்தர வர்க்கம்?

பணம் இருந்தாலும் வண்டி உடனே வராது. முழுதாகத் தயாரான கார்களின் இறக்குமதி 1949-இல் தடைசெய்யப்பட்டது; 1953-இல் சுங்கவரி ஆணையம், உள்நாட்டில் தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்ற நிலையை எடுத்ததும், 1928 முதல் மும்பை சேவ்ரியில் பாகங்களைப் பொருத்திக் கார்களை உருவாக்கிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் கடையைக் கட்டியது. எஞ்சியவை ஹிந்துஸ்தான், பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்ட் என்று மூன்றே. எனவே முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்க முடியாதவர்கள் வேறொருவர் ஓட்டிய வண்டியைப் புது வண்டியின் விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார்கள். பட்டியல் விலை, காத்திருக்க முடிந்தவருக்கு மட்டுமே. டயர், ரிப்பேர், சாலை வரி, பலர் வீட்டில் ஓட்டுநர் சம்பளம் ஆகியவற்றை நீங்கள் எழுதவே இல்லை.

சுதந்திரத்துக்கு முன் காருக்கு இன்சூரன்ஸ் செலவு இல்லைதானே? என்னிடம் உள்ள பழைய பாலிசியில் ஆங்கிலேயக் கம்பெனியின் பெயர் இருக்கிறது. அது போலியா? (சயான்)

மூன்றாம் நபர் காப்பீடு 1946 ஜூலை 1 முதலே கட்டாயம். உங்களிடம் உள்ள பாலிசியில் ஆங்கிலேயக் கம்பெனியின் பெயர் இருப்பதால் அது போலி ஆகிவிடாது. பொதுக் காப்பீடு 1973-இல்தான் அரசுடைமையானது.

அப்பாவின் 1978 பத்மினியை விண்டேஜ் என்று பதிந்து தினமும் அலுவலகத்துக்கு ஓட்டலாமா? (டோம்பிவிலி)

முடியாது. 2021 விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். அப்படிப் பதிந்தாலும் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கட்டணம் 20,000 ரூபாய். 1978 என்பது தயாரித்த ஆண்டா, பதிந்த ஆண்டா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள்.