சாணம் மலைபோல் சேர்கிறது, யாரிடம் உதவி கேட்பது?

பண்ணையில் சேரும் சாணத்தை ஊருக்கும் தண்ணீருக்கும் கேடில்லாமல் கையாள யார் வழிகாட்டுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வேளாண் விரிவாக்க அலுவலகம். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். எத்தனை மாடு, எவ்வளவு நிலம், கிணறும் ஓடையும் எவ்வளவு தூரத்தில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நன்கு வளர்ந்த பெரிய கறவை மாடு சாணமும் மூத்திரமுமாக நாளுக்கு 50 கிலோ வரைகூடப் போடும். இந்தக் கணக்கு இல்லாமல் யார் சொல்லும் யோசனையும் சரிப்படாது.

அடுத்து மண் பரிசோதனைக் கூடம். முடிந்தால் எருவையும் சேர்த்துச் சோதியுங்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏற்கெனவே மிகுந்த வயலில் மேலும் கொட்டினால், மழையில் அடித்துப் போய்க் குளத்தில் பாசியாகத்தான் வளரும்.

சாணக் குவியல் சரியாக மட்கி எருவாகிறதா என்று பார்க்க, நீளமான வெப்பமானி ஒன்று வாங்குங்கள். நடுவில் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல நாள் நின்றால்தான் களை விதையும் கிருமியும் பெரும்பாலும் சாகும். நாற்றம் மூக்கைத் துளைக்கிறதா? காற்றோ வைக்கோலோ போதவில்லை. புரட்டிவிடுங்கள்.

அப்புறம், மாடு வளர்க்காத பக்கத்து விவசாயியையும் கேட்டுப் பாருங்கள், அவரே வண்டி கொண்டுவந்து அள்ளிப் போகலாம். ஒன்று மட்டும்: மூடிய சாணக் குழிக்குள் எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும்.