உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்): கேள்வி பதில்

கேள்வி: களை எடுக்கப் போகும் அம்மாவுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி. டெங்கு இல்லை என்கிறார்கள், ஆனால் தட்டணு குறைகிறது. உண்ணிக் காய்ச்சலாக இருக்குமா? (திருவண்ணாமலை)

பதில்: இருக்கலாம். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போகும் முன் உடம்பு முழுக்கப் பாருங்கள்: அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, பாவாடை நாடா இறுகும் இடுப்பு, காதுக்குப் பின்னால். சிகரெட்டால் சுட்டதுபோல, சுற்றிலும் சிவந்து நடுவில் கருத்த பொருக்கு ஒன்று தெரியலாம். அது வலிக்காது என்பதால் நோயாளி சொல்லவே மாட்டார். மறைவிடத்தில் இருந்தால் கூச்சப்பட்டுக் காட்டவும் மாட்டார். கண்டால் மருத்துவரிடம் நீங்களே காட்டுங்கள். காணவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது.

ரத்தத்தில் இந்நோய்க்கான எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா சோதனை முதல் வாரத்தில் நெகடிவ் காட்டலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதே சரி. பெரியவர்களுக்கு வழக்கமாக டாக்சிசைக்ளின் 100 மி.கி., தினம் இரு வேளை, 7 நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். கிருமி நம் செல்லுக்குள் புகுந்து வாழ்வதால் அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன் ஊசி எத்தனை போட்டாலும் பயனில்லை. நாள் வீணாவது அங்கேதான். சரியான மருந்து என்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இரண்டாம் வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ உள்நோயாளியாகச் சேர்த்துவிடுங்கள். தீவிர நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ரத்தக்குழாய் வழி ஏற்றுவது, ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட மேல் என்று 2023இல் வெளிவந்த இந்திய ஆய்வு காட்டியது.

கேள்வி: டாக்சிசைக்ளின் மாத்திரை போட்டால் நெஞ்செரிச்சல். நிறுத்தலாமா?

பதில்: கூடாது. சாப்பிட்டபின், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். பால், இரும்புச்சத்து மாத்திரை, அமிலமுறி மருந்து கூடவே வேண்டாம்.

கேள்வி: நாயின் உண்ணியைப் பிடுங்கிப் போட்டால் போதுமா?

பதில்: போதாது. பெயர்தான் ஏமாற்றுகிறது. இதைப் பரப்புவது மைட் என்னும் நுண்பூச்சியின் லார்வா, 0.2 மி.மீ. அளவுதான், கண்ணுக்குப் படாது. புதர், வரப்புப் புல், வைக்கோல் ஓரத்தில் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் எல்லோரும் உண்ணி என்றுதான் சொல்கிறோம். நாய் உண்ணியால் காய்ச்சலே வராதா?

பதில்: வரும், ஆனால் அது வேறு காய்ச்சல், வேறொரு கிருமி, ரிக்கெட்சியா என்னும் பாக்டீரியா. அதற்கும் டாக்சிசைக்ளின்தான். 1957இல் ஷிமோகா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் கண்டறிந்த குரங்குக் காய்ச்சலும் உண்ணியால்தான் பரவுகிறது. அது வைரஸ், இந்த மாத்திரை கேட்காது. காட்டில் செத்த குரங்கைத் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். பெயரை மாற்றச் சொல்லவில்லை. நாயைக் குளிப்பாட்டிவிட்டு வரப்பில் படுக்காதீர்கள் என்கிறேன்.

கேள்வி: எலியை ஒழித்தால்?

பதில்: எலியின் உடலில் ஒட்டி அதன் திசுநீரை லார்வா உறிஞ்சுகிறது, உண்மை. ஆனால் தாய்ப்பூச்சி முட்டை வழியே கிருமியைக் குஞ்சுக்குக் கொடுத்துவிடும். எலி போனாலும் கிருமி புதரிலேயே இருக்கும். வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டுங்கள்.

கேள்வி: நாய்க்கு என்ன ஷாம்பூ?

பதில்: கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: வயலுக்குப் போகாமல் முடியாது. என்ன செய்ய?

பதில்: முழுக்கை, முழுக்கால் உடை, காலுறைக்குள் பேண்ட்டைச் செருகுங்கள். திறந்த தோலில் டீட் பூச்சிவிரட்டி. வெறும் புல்லில் உட்காராதீர்கள், துணியைப் புதரில் உலர்த்தாதீர்கள். திரும்பியதும் சோப்புப் போட்டு நன்கு தேய்த்துக் குளித்து, உடுத்தியதை வெந்நீரில் துவையுங்கள். கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வந்தால் வயல் வேலையை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். பொருக்கையும் தேடுங்கள்.