ஓசூர் பில் இரண்டு முறை ஏறியது ஏன்?

கேள்வி: மேடம், பீன்யாவில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வருகிற பில்களைப் படித்து டாலி கணக்கு மென்பொருளில் ஏற்ற என் அக்கா பையன் ஒரு ஏஐ ஏஜென்ட் அமைத்துக் கொடுத்தான். வழிமுறையை நானே இரண்டு பக்கம் எழுதினேன் (இணைத்துள்ளேன்). 'கவனமாகப் பார், ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றாதே' என்று படித்துப் படித்துச் சொல்லியும், ஓசூர் சப்ளையரின் பில் ஒன்று திங்களன்று மெயிலில் வந்தபோதும், வியாழனன்று டிரைவர் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியபோதும் ஏறிவிட்டது. எங்கே தப்பு?
– பெங்களூரு வாசகர் ஒருவர்

பதில்: இரண்டு பக்கத்தையும் படித்தேன். 'கவனமாக' ஏழு இடத்தில் வருகிறது. எதைக் கவனிக்க வேண்டும் என்பது ஓரிடத்திலும் இல்லை!

வியாழக்கிழமை வேலையை ஆரம்பித்த ஏஜென்டுக்குத் திங்கட்கிழமை நடந்தது தெரியாது. தினமும் புதுக் குமாஸ்தா வருகிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். பழைய பதிவைத் தேடிப் பார்ப்பதைத் தனிப் படியாக வைத்தால்தான் அது பார்க்கும். எதை வைத்துத் தேடுவது? ஒரு சப்ளையர் ஒரு நிதியாண்டில் ஒரே பில் எண்ணை இரண்டு முறை போடக் கூடாது என்பது ஜிஎஸ்டி விதி. ஆகவே சப்ளையரின் ஜிஎஸ்டி எண், பில் எண், நிதியாண்டு மூன்றும் சேர்ந்ததுதான் அடையாளம். தொகையை வைத்துத் தேடினால் மாதாமாதம் ஒரே தொகைக்கு வரும் பில்கள் மாட்டிக்கொள்ளும்.

உங்கள் முதல் படியை நான் இப்படி மாற்றுவேன்: "விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணை எடு. 15 எழுத்து இல்லையென்றால் நிறுத்தி என்னைக் கேள். 29-இல் தொடங்கினால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டும் இருக்க வேண்டும். 33 என்றால் ஐஜிஎஸ்டி. வேறு மாதிரி இருந்தால் ஏற்றாதே, 'பார்க்க வேண்டியவை' பட்டியலில் போடு." (29 கர்நாடகத்தின் எண், 33 தமிழ்நாட்டின் எண். ஒரே மாநிலத்துக்குள் வாங்கினால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு வரி, வெளிமாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி.) பில்லில் உங்கள் எண்ணும் இருக்கும், அதுவும் 29-இல்தான் தொடங்கும். அதை வழிமுறையிலேயே எழுதி, 'இது நாம், இதை எடுக்காதே' என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓசூர் சரக்கு உள்ளூர்க் கணக்கில் போய் உட்காரும்.

'நிறுத்தி என்னைக் கேள்' என்பதை எத்தனை இடத்தில் எழுதினாலும் தகும். போன வருஷம் ஒரு கடைக்கு நான் எழுதிக் கொடுத்ததில், 'தெளிவில்லையென்றால் உத்தேசமாக நிரப்பு' என்று ஒரு வரி. என் சோம்பேறித்தனம்தான். ப்ரோஃபார்மா (விற்பனைக்கு முன்பே அனுப்பும் மாதிரி பில்) ஒன்றைக் கொள்முதலாகவே ஏற்றி, அதிலிருந்த வரியையும் கழிவாக எடுத்து வைத்துவிட்டது. ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி தாக்கலுக்கு முந்தின ராத்திரி, 19-ஆம் தேதி, சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி-யோடு ஒத்துப் பார்க்கும்போதுதான் உதைத்தது. அந்த ராத்திரிக்குப் பிறகு அந்த வார்த்தையை எழுதுவதில்லை.

கூட்டல், சதவீதம் இதையெல்லாம் ஏஜென்ட் 'மனக்கணக்காக' போட விடாதீர்கள். அக்கா பையனிடம் சொன்னால் சின்ன புரோகிராமாக எழுதித் தருவான், அதைக் கூப்பிட்டால் போதும். பில்லுக்குள்ளேயே 'இனி இந்தப் புதுக் கணக்குக்குப் பணம் அனுப்பவும்' என்று எவனாவது எழுதியிருந்தால் அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பணம் அனுப்பும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்கவே வேண்டாம்.

பத்துப் பழைய பில்லை ஓட்டிப் பாருங்கள். அதில் குறைந்தது நாலு பில்லாவது மடங்கியது, எண்ணெய்க் கறை பட்டது, ஒரே பில் இரண்டு பிரதி என்று இருக்கட்டும்.

கேள்வி: வழிமுறையைத் தமிழில் எழுதலாமா?
– அல்சூர் வாசகி

பதில்: தாராளமாக. டோக்கன் (ஏஐ எழுத்தை எண்ணும் அலகு) கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். ஒரு பொருளுக்கு ஒரே பெயர் வையுங்கள். நான் ஓரிடத்தில் 'கொள்முதல்' என்றும் இன்னோரிடத்தில் 'பர்ச்சேஸ்' என்றும் எழுதப்போய், அது இரண்டு லெட்ஜர் திறந்து வைத்திருந்தது.