டாக்டர் பதில்கள்: அலாரம் காதுக்கா, தோலுக்கா?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் டியூட்டியில் மானிட்டர்கள் மாறி மாறிக் கத்துகின்றன. சத்தத்துக்குப் பதில், உடம்பில் கட்டிய பட்டை அதிர்ந்து சேதி சொல்லும் என்கிறார்களே, நடக்கிற காரியமா டாக்டர்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நடக்கும், சிஸ்டர். மயக்க மருந்து கொடுப்பவர்களுக்குத் தொட்டு அறிவது பழைய பழக்கம். இடது கையால் மாஸ்க்கைப் பிடித்திருக்கும்போதே ஒரு விரல்நுனி தாடையெலும்பின் ஓரத்தில் ஓடும் நாடியில் இருக்க வேண்டும் என்று என் சீஃப் வற்புறுத்துவார். கண் வேறெங்கோ இருந்தாலும் நாடி மெலிவது விரலுக்குத் தெரிந்துவிடும்.

அதிர்வு யாருக்கு வேண்டுமோ அவருக்கு மட்டும் போகும். சத்தமோ எல்லார் காதிலும் விழுந்து, கடைசியில் யார் காதிலும் ஏறாமல் போகிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்து அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2013-ல் விடுத்த எச்சரிக்கையைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அதனிடம் பதிவான, அலாரம் தொடர்பான 98 சம்பவங்களில் 80 பேர் இறந்திருந்தார்கள்.

தோலுக்கு இவ்வளவும் புரியுமா என்று தோன்றலாம். நிச்சயம் புரியும். ஃபிராங்க் கெல்டார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் நெஞ்சில் ஐந்து இடங்களில் அதிர்விகளை வைத்து, மூன்று அளவு வலிமை, மூன்று அளவு நேரம் என்று கலந்து 45 குறிகளை உருவாக்கினார். பழகியவர்கள் அதில் வாக்கியங்களையே புரிந்துகொண்டதாக 1957-ல் எழுதினார். ஆனால் வார்டில் அத்தனை குறிகள் கூடவே கூடாது என்பேன். ஆக்ஸிஜன், பி.பி., இதயத்துடிப்பு மூன்றும் போதும். மேலிருந்து கீழாக அதிர்ந்தால் அளவு இறங்குகிறது, கீழிருந்து மேலாக என்றால் ஏறுகிறது. அரைத்தூக்கத்திலும் குழப்பம் வராது. இரண்டு இடங்களில் தொட்டால், நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே விரல்நுனி பிரித்தறியும். புஜத்தில் அதற்கு நாலு சென்டிமீட்டராவது வேண்டும். அதனால் பட்டை சற்று அகலமாகவே இருக்கும்.

மணிக்கட்டில் கட்டச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கை கழுவுவதற்காக வாட்சையே கழற்றச் சொல்கிறோம், அங்கே பட்டை எதற்கு? புஜமோ கணுக்காலோதான் சரி. இன்னொன்று, பேஷண்டைத் தூக்கிப் புரட்டும்போதும் வேகமாக நடக்கும்போதும் அதிர்வு சரியாக உறைக்காது. அதனால் உயிர் போகிற அலாரம் கட்டாயம் சத்தமாகவே ஒலிக்க வேண்டும்.

பட்டை வருகிறவரை காத்திருக்க வேண்டாம். ஈ.சி.ஜி. எலெக்ட்ரோடுகளைத் தினமும் மாற்றுங்கள். காய்ந்துபோன ஜெல்லால் வரும் வீண் அலாரம் குறையும். அலாரம் லிமிட்டை ஒவ்வொரு பேஷண்டுக்கும் தனித்தனியாக வைக்கச் சொல்லி ரவுண்ட்ஸில் டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள்.